ரொட்டியும் எண்ணெயும்: மால்டா மக்களின் உணவு

மத்திய தரைக்கடலின் நடுவே, இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் மால்டா என்னும் சிறிய நாடு உள்ளது. அதன் பரப்பளவு 316 சதுர கிலோமீட்டர். அங்கு ஆறுகள் இல்லை, மழையும் குறைவு. சுண்ணாம்புப் பாறையின்மீது மண் மெல்லிய போர்வையாகவே படிந்துள்ளது. இத்தகைய தீவில் மக்கள் எதை உண்கின்றனர், எதைப் பருகுகின்றனர்?

மால்டா மக்களின் உணவில் முதலிடம் பெறுவது ரொட்டி. முதல்நாள் பிசைந்த மாவில் ஒரு பகுதியை எடுத்துவைத்து, மறுநாள் மாவுடன் சேர்த்துப் புளிக்கச் செய்வது அவர்களது பழைய வழக்கம். இவ்வாறு சுடப்படும் ரொட்டியின் மேலோடு மொறுமொறுப்பாகவும் உட்பகுதி மென்மையாகவும் இருக்கும். ரொட்டித் துண்டின்மீது பழுத்த தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சூரை மீனும் ஆலிவ் காயும் வைத்து உண்பர். இதன் பெயர் 'ஹொப்ஸ் பிஸ்ஸெய்த்'. 'எண்ணெயோடு ரொட்டி' என்பது பொருள். தட்டையாகச் சுடப்படும் மற்றொரு ரொட்டி 'ஃப்திரா' எனப்படும். இதனைச் செய்யும் கலையை யுனெஸ்கோ அமைப்பு 2020ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வுணவுப் பெயர்களில் தீவின் வரலாறு பொதிந்துள்ளது. 870ஆம் ஆண்டில் அரபியர் மால்டாவைக் கைப்பற்றினர். ரொட்டியைக் குறிக்கும் 'ஹொப்ஸ்', எண்ணெயைக் குறிக்கும் 'ஸெய்த்' ஆகிய இரண்டும் அரபு மொழியின் வழிவந்த சொற்கள். தக்காளி விழுதுக்கு வழங்கும் 'குன்செர்வா' என்னும் பெயரோ இத்தாலிய உறவைக் காட்டுகிறது. 1800 முதல் 1964 வரை ஆங்கிலேயர் ஆண்டனர். அவர்களால் பால் கலந்த தேநீர் அங்கே பரவியது. இன்றும் கண்ணாடிக் குவளையில் தேநீரும், பாலாடைக்கட்டியோ பட்டாணியோ நிறைத்த 'பஸ்தித்ஸி' என்னும் பலகாரமும் சிற்றுண்டிக் கடைகளில் சேர்ந்தே விற்கப்படுகின்றன. கசப்பு ஆரஞ்சுச் சுவையுடைய 'கின்னி' என்னும் குளிர்பானம் 1952இல் அத்தீவிலேயே உருவானது.

கடலும் மால்டாவுக்கு உணவளிக்கிறது. கோடையின் இறுதியில் 'லம்புக்கி' மீன்கள் அக்கடற்பகுதிக்கு வருகின்றன. மீனவர் பனை இனத்து மர ஓலைகளைக் கட்டிக் கடலில் மிதக்கவிடுவர். ஓலையின் நிழலை நாடி மீன்கள் கூடும்போது வலையிட்டுப் பிடிப்பர். குடிநீருக்கும் கடலே துணை. கடல்நீரின் உப்பை நீக்கியே குடிநீரின் பெரும்பகுதி பெறப்படுகிறது.

ஆயினும், தேவையான தானியம் முழுவதும் தீவில் விளைவதில்லை. அது கப்பல்களில் வந்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது செருமனியும் இத்தாலியும் மால்டாவைக் குண்டுகளால் தாக்கி, கப்பல்களின் வழியையும் மறித்தன. 1942இல் ரொட்டியும் அளந்தே வழங்கப்பட்டது. மக்கள் பொதுச் சமையற்கூடங்களில் வரிசையில் நின்று உணவு பெற்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் உணவும் எரிபொருளும் ஏற்றிப் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களுள் ஐந்து மட்டுமே கரை சேர்ந்தன. அந்த ஐந்தும் தீவைப் பட்டினியிலிருந்து காத்தன. எண்ணெய் தடவிய ஒரு ரொட்டித் துண்டு மால்டா மக்களுக்கு எளிய உணவு. ஆனால், அதனை அவர்கள் எளிதில் பெற்றதில்லை.

சிந்தித்து எழுதுக

1. மால்டாவின் நிலமும் கடலும் அம்மக்களின் உணவை எவ்வாறு அமைத்துள்ளன?

2. உங்கள் வீட்டில் வழங்கும் ஐந்து உணவுப் பெயர்களை எழுதுக. அவற்றுள் பிற மொழிகளிலிருந்து வந்தவை எவை என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிக.