சதுர அடிக் கணக்கில் தொலைந்த நிழல்

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் வழியில் உள்ள அனுமந்தன்பட்டியில் இன்று எழும் வீட்டுக்கும் சென்னைப் புறநகரில் எழும் வீட்டுக்கும் வேறுபாடு காண்பது அரிது. தட்டையான கான்கிரீட் கூரை, சுவரோடு நின்றுவிடும் அதன் விளிம்பு, மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகள். மலையடிவாரமும் கடலோரமும் ஒரே வீட்டை ஏன் கட்டிக்கொள்கின்றன? ரசனை மாறிவிட்டது என்பார்கள். பொருளியல் கற்பித்தவனான எனக்கு அந்த விடை போதவில்லை. மாறியவை விலைகள்.

பழைய கட்டைக்குத்து மச்சில், தேக்கு விட்டங்களின்மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பல நாள்கள் அடித்து இறுக்குவார்கள். கூலி மலிவாக இருந்த காலத்தின் கூரை அது. கூலி உயர்ந்தது, தேக்கு எட்டாத விலைக்குப் போனது. நாள்களை மிச்சப்படுத்தும் கான்கிரீட் வென்றது. இதில் குறைகூற ஒன்றுமில்லை. நீட்டி நிற்கும் கம்பிகூட, பிள்ளைகள் பின்னாளில் எழுப்பப்போகும் மாடிக்கான முன்சேமிப்புத்தான்.

குறை, 'சதுர அடிக்கு இவ்வளவு' என்ற ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த அளவுகோல் தரைப்பரப்பை மட்டுமே அறியும். கூரையின் உயரம், சுவரின் கனம், சன்ஷேடின் அகலம் ஆகியவை அதில் ஏறுவதில்லை. அவற்றைக் குறைத்தால் ஒப்பந்தக்காரருக்கு லாபம். திண்ணையோ பரப்பில் சேர்ந்துவிடும். அறைக்குரிய விலையைக் கேட்கும். அதனால் வீட்டுக்காரரே அதை நீக்கிவிடுகிறார். இருவரும் தத்தம் கணக்கில் சரியாகவே நடக்கிறார்கள். வெயில் நேராகச் சுவரில் இறங்குகிறது. அதன் விலை பல்லாண்டு மின்கட்டணமாக வசூலாகிறது; மின்விசிறிக்கு மேல் வாங்க இயலாதவரிடம் புழுக்கமாக.

மலைக்கு அப்பால் ஒரு மாற்று இருந்தது. திருவனந்தபுரத்தில் பொருளியலாளர் கே.என். ராஜ் 1971-இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை வடிவமைத்தவர் லாரி பேக்கர். செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் அவருடைய 'எலிப்பொறி'க் கட்டு, ஏறத்தாழ 25 சதவீதம் செங்கல்லை மிச்சப்படுத்தும். அந்த வெற்றிடமே வெப்பத்தையும் தடுக்கும். பொருளியலாளர்கள் குடியிருக்க இதைவிடப் பொருத்தமான சுவர் ஏது! ஆயினும் நம் பக்கம் அது பெரிதாகப் பரவவில்லை. தேர்ந்த கொத்தனாரின் பொறுமையை அது கேட்கிறது. செங்கல்லில் மிஞ்சுவது கூலியில் கரைந்துவிடுகிறது. பேக்கரைப் போற்றுவோர் இதைப் பேசுவது குறைவு.

எனவே ஒப்பந்தத்தைத் திருத்துவதே எளிது. கூரையின் உயரத்தையும் இரண்டடிச் சன்ஷேடையும் தனித் தொகையோடு எழுதிக்கொள்ளலாம். அரசுக்கும் இதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஊரகப் பகுதிகளுக்காக 2024-இல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம், 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறது. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. எஞ்சிய 60 சதுர அடிக்கு, பயனாளி விரும்பும் தீப்பற்றாத வேறு கூரை. அந்த 60 சதுர அடியை மேற்கு வெயில் விழும் பக்கத்தில் ஓட்டுத் தாழ்வாரமாக அமைக்கும் மாதிரி வரைபடம் ஒன்றை ஊராட்சி ஒன்றிய அலுவலகங்கள் பயனாளிகளுக்குத் தரலாம்.