பாரிஸின் அடிநிலத் தெருக்கள்

பாரிஸ் நகரின் அடியில் சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள் உள்ளன. இவை பழைய கல்குவாரிகளின் மிச்சம். சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்தே நோத்ர தாம் தேவாலயம் முதலான பழங்கட்டடங்களைக் கட்டினார்கள். மேலே நகரம் உயர உயர, கீழே வெற்றிடம் பெருகியது. கைவிடப்பட்ட இந்த வெற்றிடங்களில் இறங்கி நடப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு 'காட்டாஃபில்' என்று பெயர்.

குவாரிகள் பலவும் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்தவை. நகரம் வளர்ந்து அவற்றின்மேல் ஏறியதும் ஆபத்து தொடங்கியது. குவாரியின் கூரையிலிருந்து ஒரு பாளம் விழுந்தால், அந்த இடத்தில் மணி வடிவக் குழிவு உண்டாகும். மண் உதிர உதிரக் குழிவு மேல்நோக்கி ஏறி, ஒரு நாள் தெருவையே விழுங்கிவிடும். 1774 டிசம்பரில் ஆன்ஃபேர் தெருவில் ஏற்பட்ட பெரும் சரிவு நகரை உலுக்கியது. 1777-இல் குவாரிகளைக் கண்காணிக்கத் தனித் துறை ஒன்று அமைந்தது. கட்டடக் கலைஞர் ஷார்ல்-ஆக்ஸெல் கியோமோ அதன் தலைவரானார்.

அவருடைய ஆட்கள் மேலே உள்ள தெருக்களை ஒட்டியே கீழே பாதைகள் அமைத்து, தாங்கு சுவர்கள் எழுப்பினார்கள். எந்தத் தெருவின் அடியில் நிற்கிறோம் என்பது தெரிய, அதன் பெயரைச் சுவர்க்கல்லில் செதுக்கினார்கள். பக்கத்தில் சிறு குறியீடும் இருக்கும். '7 ஜி 1781' என்றிருந்தால், அது 1781-ஆம் ஆண்டில் கியோமோவின் பொறுப்பில் நடந்த ஏழாவது வேலை. சில கற்களில் அரச சின்னமான லில்லிப் பூ இருந்த இடம் கொத்தப்பட்டு வெறும் வடுவாக நிற்கிறது; அது பிரெஞ்சுப் புரட்சியின் கைவேலை. மேலே மறைந்துபோன தெருக்களின் பெயர்கள்கூடக் கீழே பிழைத்திருக்கின்றன. காட்டாஃபில்களை ஈர்ப்பது இந்த எழுத்துகள்தான்.

1786 முதல் நகரின் இடுகாடுகளிலிருந்து கொண்டுவந்த எலும்புகளைக் குவாரியின் ஒரு பகுதியில் அடுக்கினார்கள். சுமார் 60 லட்சம் பேரின் எலும்புகள் அங்கே உள்ளன. பொதுமக்கள் சீட்டு வாங்கிப் பார்ப்பது அந்தச் சிறு பகுதியை மட்டுமே. மற்றப் பாதைகளில் அனுமதியின்றி நுழைவது 1955 முதல் சட்டப்படி குற்றம். அதற்கென்றே தனிக் காவல் பிரிவு ரோந்து சுற்றுகிறது, பிடிபட்டால் அபராதம்.

ஆனாலும் இறங்குபவர்கள் உண்டு. சுமார் 20 மீட்டர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை 14 டிகிரியை ஒட்டியே இருக்கும். சில இடங்களில் முழங்காலளவு தண்ணீர். சில இடங்களில் தவழ்ந்துதான் போகமுடியும். நெற்றி விளக்கும் மாற்று விளக்கும் தாங்களே வரைந்த வரைபடமும் இவர்களின் கருவிகள். 2004-இல் ஷாயோ அரண்மனைப் பகுதியின் அடியில் திரை, இருக்கைகள், மின்சாரம் எல்லாம் கொண்ட ரகசியத் திரையரங்கு ஒன்றைக் காவல்துறை கண்டுபிடித்தது.

வழி தவறுவதே பெரிய ஆபத்து. ஃபிலிபேர் ஆஸ்பேர் என்பவர் 1793-இல் தொலைந்து, 11 ஆண்டுகளுக்குப் பின் உடலாகக் கிடைத்தார் என்று சுரங்கத்துக்குள்ளேயே உள்ள அவருடைய கல்லறைக் கல் சொல்கிறது. 2017-இல் மூன்று நாள் தவித்த இரு பதின்வயதினரை மோப்ப நாய்களின் உதவியோடு மீட்டார்கள்.

கியோமோ தலைமை வகித்த துறை இன்றும் இயங்குகிறது. சரியக்கூடிய இடங்களில் சிமென்ட் கலவையைச் செலுத்தி அடைப்பது அதன் பணிகளில் ஒன்று. மேலே வாழ்பவர்களின் பாதுகாப்புக்கு அது அவசியம். ஆனால் அடைபடும் பாதையோடு அதன் கல்லெழுத்துகளும் புதைந்துவிடும். அதற்கு முன் அவற்றைப் படமெடுத்தும் வரைபடத்தில் குறித்தும் வைப்பதைக் காட்டாஃபில்கள் பலர் தங்கள் கடமையாகவே கொண்டிருக்கிறார்கள்.