கோணல் ஜிப்பும் நீலத் தோலும்

சென்னை வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நிற்க முடியாது. ஆனாலும் நம் சினிமாவில் கதாநாயகன் பைக்கில் பறந்தால் கறுப்பு ஜாக்கெட் வந்துவிடுகிறது. 2022-ல் வந்த 'வலிமை' அஜித் வரை. பாரிஸ், மிலான் ஃபேஷன் மேடைகளிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே ஜாக்கெட் 'புதுசாக' வந்து நிற்கிறது. ஒரே உடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அதில் தோல் பதனிடும் ஊரான ராணிப்பேட்டைக்கு என்ன பங்கு?

தொடக்கம் எங்கே?

1928-ல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்காகத் தைத்த ஜாக்கெட் இது. தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்கும் வைத்தார்: 'பெர்ஃபெக்டோ'. விலை ஐந்தரை டாலர். அலங்காரத்துக்கென்று அதில் எதுவும் இல்லை. ஜிப் கோணலாக ஏறுவதால் முன்புறம் தோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்து எதிர்க்காற்றை மறிக்கும். ஓட்டுபவர் குனிந்தாலும் வயிற்றில் குத்தாது. காலரைப் பொத்தானால் இறுக்கினால் காற்றில் படபடக்காது. மணிக்கட்டு ஜிப், கைக்குள் காற்றுப் புகாமல் தடுக்கும்.

அடையாளம் ஆனது எப்படி?

1953-ல் வந்த 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ பைக் கும்பலின் தலைவனாக இதைப் போட்டார். அடங்காத இளைஞர்களின் சீருடையாக அது மாறியது. 1960-ல் டியோர் ஃபேஷன் நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் இதே சாயலில், முதலைத் தோலில், ஓரத்தில் மிங்க் ரோமம் வைத்துத் தைத்தார். பணக்கார வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். 1976-ல் 'ராமோன்ஸ்' இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு உறையில் நால்வரும் இதோடுதான் சுவரில் சாய்ந்து நின்றார்கள். 1991-ல் 'டெர்மினேட்டர் 2' படத்தின் எந்திர மனிதன் வந்து இறங்கியதும் பைக் ஓட்டி ஒருவரிடம் கேட்பது துணி, பூட்ஸ், பைக். அந்தத் துணியில் இந்த ஜாக்கெட்டும் உண்டு. ஜப்பானிய வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோவின் 2005 கோடைத் தொகுப்பில் இந்த ஜாக்கெட்டுக்குக் கீழே பாலே பாவாடை வந்தது.

முரட்டுத்தனம், கலகம், எந்திரம், எள்ளல் என்று பொருள் மாறிக்கொண்டே போனது, வெட்டு மாறவில்லை. கோணல் ஜிப் கண்ணில் பட்டால் போதும், பழைய கதை முழுக்க நினைவுக்கு வந்துவிடும். காற்றைத் தடுக்கும் வேலை போய்விட்டது, குறி தங்கிவிட்டது.

ராணிப்பேட்டை எங்கே வருகிறது?

வேலை போனதும் தோலும் மாறியது. பழைய ஜாக்கெட் தடித்த குதிரைத் தோல். விழுந்தால் உடம்பைக் காக்கும். ஃபேஷனுக்கு வேண்டியதோ, உடம்போடு குழைந்து மடியும் மெல்லிய தோல். வெள்ளாட்டுத் தோலிலும் செம்மறித் தோலிலும் பழகிய கை நம்முடையது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் டேனரிகள் வளர்ந்தன.

முன்பெல்லாம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறித்தான் தோல் பதமாகும். பிறகு குரோமியம் வந்தது. பெரிய டிரம்மில் குரோமியம் சல்பேட்டோடு சுழற்றினால் ஒரே நாளில் பதம் ஏறிவிடும். வெளியே வரும்போது தோல் வெளிர் நீலம். 'வெட் ப்ளூ' என்பார்கள். அதில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்கவில்லை என்றால் பதம் சரி. சுருண்டுவிட்டால் மறுபடியும் டிரம்முக்குத்தான். அப்புறம்தான் சீவுதல், சாயம், எண்ணெய் எல்லாம்.

விலை யார் கொடுத்தது?

தோலில் ஏறாத குரோமியமும் உப்பும் கழிவுநீரோடு போகும். பாலாற்றுப் படுகையின் கிணறுகளும் வயல்களும் அதற்கு ஆளாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக, இழப்பீடு கொடுக்கச் சொல்லி அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில், டேனரிகளுக்கான குரோமிய உப்பைச் செய்துவந்து தொண்ணூறுகளில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல்.

லேபிளில் என்ன இருக்கிறது?

ஜாக்கெட்டின் உள்ளே, அதைத் தைத்த நாட்டின் பெயர் இருக்கும். தோல் எந்த ஊரில் பதமானது என்பது பெரும்பாலும் இருக்காது. மரப்பட்டையில் பதனிடும் 'ஈ.ஐ.' (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குத் தமிழ்நாட்டின் பெயரில் புவிசார் குறியீடு உண்டு. நீலத் தோலுக்கு ஊர் இல்லை. ஊர்ப் பெயர் லேபிளில் ஏறினால் பெருமை மட்டும் வராது, பொறுப்பும் கூடவே வரும். 2005-ல் தொடங்கிய 'லெதர் வொர்க்கிங் குரூப்' டேனரிகளைத் தணிக்கை செய்து தரம் கொடுக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் பல அதைப் பார்த்தே ஆர்டர் கொடுக்கின்றன. ஆனால் அந்தத் தரம் பெரும்பாலும் நிறுவனத்தின் கோப்போடு நின்றுவிடுகிறது. ஜாக்கெட் வாங்க வருபவர் கேட்கத் தொடங்கும்வரை அது அங்கேயேதான் இருக்கும்.