எங்கே தோண்டுவது என்று ஊர் சொல்லலாமா?

2014 நவம்பர் 4 இரவு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டென்டன் நகரத்தில் வாக்குகளை எண்ணி முடித்தபோது, நூற்றுக்கு 59 பேர் ஒரு பக்கம் நின்றிருந்தார்கள். நகர எல்லைக்குள் இனி ‘ஃபிராக்கிங்’ கூடாது என்பது அவர்களின் முடிவு. ஆழத்தில் ஷேல் பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் எரிவாயுவை எடுக்க, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைக் கடும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை இது. லாபகரமான தொழிலாக அது உருவெடுத்ததே டென்டன் அமர்ந்திருக்கும் பார்னெட் பாறைப் படுகையில்தான். பிறந்த மண்ணிலேயே அதற்குத் தடை விழுந்தது.

மறுநாளே மாநில எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. மாநில அரசின் நிலத்துறையும் தனியாக ஒரு வழக்குப் போட்டது. அந்த வழக்குகள் தீர்ப்பு வரை போகவேயில்லை. அதற்குள் டெக்சாஸ் சட்டமன்றம் புதிதாக ஒரு சட்டத்தை இயற்றிவிட்டது. தரைக்கு மேல் நடப்பவற்றுக்கான நியாயமான விதிகளைத் தவிர, எண்ணெய், எரிவாயு எடுப்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கே உரியது, எந்த நகரமும் அதைத் தடை செய்ய முடியாது என்றது அந்தச் சட்டம். 2015 மே 18 அன்று ஆளுநர் கிரெக் அபாட் அதில் கையெழுத்திட்டார். அடுத்த மாதம் டென்டன் நகரமன்றம், தன் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த தடையைத் தானே ரத்து செய்தது.

ஊர் கூடி எடுத்த முடிவு எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

இந்தக் கதை நமக்கு முழுதாகப் புரிய வேண்டுமானால், அங்கே நிலத்தடி வளம் யாருக்குச் சொந்தம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் வயலுக்குப் பட்டா நம் பெயரில் இருந்தாலும், அதன் அடியில் கிடக்கும் எண்ணெயும் எரிவாயுவும் அரசுக்கு உரியவை. அமெரிக்காவிலோ அவை தனியார் சொத்தாக இருக்கலாம். மேல்நிலத்தை ஒருவருக்கும், கனிம உரிமையை இன்னொருவருக்கும் பிரித்து விற்கலாம். இதனால் ஆசையாய் வாங்கிய வீட்டின் அடியில் உள்ள எரிவாயு எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம். வீட்டுக்காரருக்கு வருமானம் கிடையாது, இரைச்சலும் லாரியும் மட்டும் மிச்சம்.

கிணறு தோண்டும் நிறுவனம் முதலில் மாநிலத்திடம் அனுமதி வாங்க வேண்டும். டெக்சாஸில் அதைக் கொடுக்கும் அமைப்பின் பெயர் ‘ரயில்வே ஆணையம்’. ரயில்களைக் கண்காணிக்க 1891இல் தொடங்கியது. இன்று அதற்கு ரயிலோடு எந்தத் தொடர்பும் இல்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாயின் தரம், அதைச் சுற்றிப் பூசும் சிமென்ட், நிலத்தடி நீரின் பாதுகாப்பு ஆகியவையெல்லாம் இதன் பொறுப்பு. அதற்கு மேல் நகரத்திடமும் ஓர் அனுமதி வாங்க வேண்டும். வீட்டிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் கிணறு எத்தனை அடி தள்ளியிருக்க வேண்டும், இரவில் எவ்வளவு சத்தம் வரலாம், கனரக லாரிகள் எந்தச் சாலையில் போகலாம், சாலை உடைந்தால் யார் செலவில் சரிசெய்வது, அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டி எப்படித் தகவல் சொல்வது என்பதெல்லாம் அதில் வரும். டென்டனுக்குத் தெற்கே உள்ள ஃபோர்ட் வொர்த் நகரம் 600 அடி இடைவெளி கேட்கிறது. டென்டன் 2013இல் 1,200 அடி என்று விதித்தது. ஆனால் பழைய அனுமதி உள்ள இடங்களைப் புதிய விதி கட்டுப்படுத்தாது என்று நிறுவனங்கள் வாதிட்டன. வீடுகளிலிருந்து சில நூறு அடியிலேயே துரப்பண எந்திரங்கள் வந்து நின்றன. விதி போட்டும் பயனில்லை என்று கண்ட பிறகுதான் மக்கள் முழுத் தடை கேட்டார்கள். இந்த வரிசையை மறந்துவிட்டு டென்டன்காரர்களை வளர்ச்சியின் விரோதிகள் என்று ஏசுவது நியாயமில்லை.

இதே கேள்விக்கு நியூயார்க் மாநிலத்தில் வேறு பதில் கிடைத்தது. டிரைடன் என்பது அங்கே சுமார் 14,000 பேர் வாழும் ஒரு கிராமப்புற ஊராட்சி. அதன் எல்லைக்குள் சுமார் 22,000 ஏக்கரை ஒரு பெரிய நிறுவனம் எரிவாயுவுக்காகக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தது. 2011 ஆகஸ்டில் ஊர்மன்றம் தன் நிலப் பயன்பாட்டு விதியைத் திருத்தி, எரிவாயு எடுக்கும் தொழிலுக்கு ஊரில் எங்குமே இடமில்லை என்று எழுதியது. அடுத்த மாதமே வழக்கு வந்தது.

நிறுவனத்தின் வாதம் வலுவானதாகவே தெரிந்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலை ஒழுங்குபடுத்துவதில் மாநிலச் சட்டமே மேலானது, உள்ளூர்ச் சட்டம் செல்லாது என்று நியூயார்க் சட்டம் சொல்கிறது. உள்ளூர்ச் சாலைகளும் சொத்து வரியும் மட்டுமே விதிவிலக்கு. இந்தப் பூட்டைத் திறந்தது ஒரு ஜல்லிக்கல் வழக்கு! 1987இல், ஜல்லி வெட்டும் குவாரி ஒன்றைப் பற்றி மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது: தொழிலை எப்படி நடத்த வேண்டும் என்பதை மாநிலம் சொல்லட்டும், அது எங்கே நடக்கலாம் என்பதை ஊர் சொல்லலாம். இதாகா நகரத்தைச் சேர்ந்த வழக்கறிஞர்களான ஹெலன் ஸ்லாட்ஜி, டேவிட் ஸ்லாட்ஜி தம்பதியர் இந்தத் தர்க்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கட்டணம் வாங்காமல் உள்ளூர் மன்றங்களுக்கு விதிகளை எழுதிக் கொடுத்தார்கள். ஹெலனுக்கு 2014இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் ஐவர் டிரைடனின் பக்கம். ‘எப்படி’ வேறு, ‘எங்கே’ வேறு என்ற பாகுபாட்டை நீதிமன்றம் எரிவாயுவுக்கும் பொருத்தியது. அதோடு சேர்ந்து முடிவான மிடில்ஃபீல்டு ஊர் வழக்கில் எதிர்த்து நின்றது ஒரு பால் பண்ணை. எரிவாயுக் குத்தகையில் வரக்கூடிய பணத்தை நம்பியிருந்த பண்ணை அது. பால் விலையோடு மல்லாடும் விவசாயிக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரிது என்பதை நாம் ஊகிக்கலாம். அந்த இழப்பையும் கணக்கில் வைத்துப் பார்த்தாலும், ஊரின் தண்ணீரையும் சாலையையும் பற்றிய முடிவை ஊர் எடுத்ததே சரி.

இடைவெளி என்பது வெறும் எண் இல்லை என்பதைக் கொலராடோ மாநிலம் கொடிய முறையில் கற்றது. 2017 ஏப்ரல் 17 அன்று ஃபயர்ஸ்டோன் ஊரில் ஒரு வீடு வெடித்துச் சிதறியது. இருவர் இறந்தார்கள், ஒருவர் படுகாயம் அடைந்தார். வீட்டிலிருந்து 178 அடி தூரத்தில் 1993இல் தோண்டிய ஒரு கிணறு. அதோடு இணைந்திருந்த பழைய குழாய் ஒன்று வீட்டுக்கு அருகில் துண்டாகிக் கிடந்தது. அதிலிருந்து கசிந்த வாயு மண்ணுக்குள் ஊர்ந்து நிலவறையில் சேர்ந்திருக்கிறது. கிணறு முந்தியது, வீடு பிந்தியது. இடையில் மனை பிரிக்க அனுமதித்தவர்களுக்கும் அதை வாங்கியவர்களுக்கும் அடியில் புதைந்த குழாய் கண்ணில் படவில்லை.

அதே கொலராடோவில்தான் லாங்மான்ட் நகர மக்கள் 2012இல் வாக்களித்துக் கொண்டுவந்த ஃபிராக்கிங் தடையை மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் ரத்து செய்திருந்தது. ஃபயர்ஸ்டோனுக்குப் பிறகு காற்று திசை மாறியது. 2019இல் வந்த சட்டம், கிணறு எங்கே அமையலாம் என்பதில் உள்ளாட்சிகளுக்கு நேரடி அதிகாரம் கொடுத்தது. மாநிலத்தின் எண்ணெய், எரிவாயு ஆணையத்தின் கடமையையும் மாற்றி எழுதியது: தொழிலை வளர்ப்பது என்றிருந்த இடத்தில், ஒழுங்குபடுத்துவது என்று வந்தது. வீடுகளுக்கும் புதிய கிணறுகளுக்கும் இடையே பொதுவாக 2,000 அடி வேண்டும் என்ற விதி 2021இல் அமலுக்கு வந்தது.

இதையெல்லாம் படிக்கும் நமக்குத் தமிழகத்தின் நெடுவாசல் கிராமம் நினைவுக்கு வராமல் இருக்காது. 2017 பிப்ரவரியில், எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அந்த ஊர் அதை எதிர்த்துப் பந்தல் போட்டு உட்கார்ந்தது. அனுமதி வழங்கும் வரிசையில் கிராம சபைக்கு இடமே இல்லை. 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடும் ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டியதில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. ஆய்வுக் கட்டத்தில் வாய் திறக்க இருந்த ஒரே இடமும் மூடப்பட்டது. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அது தடை. முன்பே நடந்துவரும் திட்டங்களை அது தொடுவதில்லை; டென்டனில் பழைய அனுமதிகள் செய்த வேலையை மறக்காதவர்கள் இந்த விலக்கைக் கவனிக்க வேண்டும். எங்கே கூடாது என்று மாநிலம் சொல்லிவிட்டது. அதைச் சொல்லும் உரிமை மட்டும் இன்னும் ஊருக்கு வரவில்லை.

கருத்துக் கேட்பை நீக்கிய அறிவிக்கையை மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். கிணறு தோண்ட வரும் ஒவ்வொரு மனுவும், குழாய் எந்த வயலின் அடியில் போகிறது என்ற வரைபடத்தோடு, தமிழில், முதலில் அந்த ஊர் கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். சபை ‘வேண்டாம்’ என்றால் அந்தச் சொல் சட்டத்தில் எடுபட வேண்டும்.