திருச்சபையின் பழங்கடன்

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், பங்கோர்த் தீவுக்குப் படகேறுவோர் கூடும் துறைநகரமான லூமுட், 1935-ஆம் ஆண்டு வரை டிண்டிங்ஸ் என்னும் பகுதியைச் சேர்ந்ததாய் நீரிணைக் குடியேற்றங்களின் ஆட்சியில் இருந்தது என்பதை இன்று நினைப்போர் சிலரே. அதனைச் சுற்றிச் சித்தியவான், ஆயர் தாவார் வரை பரந்திருந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள்கட்டி வந்த கங்காணிமாரின் பின்னே தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறியவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். அவர்கள் ஜெபமாலையையும் ஞானஸ்நானப் பெயரையும் கொண்டுவந்தவாறே சாதியையும் கொண்டுவந்தார்கள் என்பதும், இன்னார் இன்ன லயத்தில் என்று பிரிந்து குடியிருந்த வழக்கம் மலாயாவின் தோட்டங்கள் பலவற்றில் நிலவியது என்பதும் மறைக்கத்தக்க செய்திகள் அல்ல. கங்காணி முறை 1938-இல் நின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக் காடுகளாக மாறியும் போயின. எனினும் கல்யாணப் பேச்சென்று வந்துவிட்டால், ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்டு ஒரே அப்பத்தைப் பெறும் இரு குடும்பங்கள், ஊரில் நீங்கள் எந்த வகையறா என்று வினவிக்கொள்வதை இன்றும் கேட்கிறோம். அவ்வினாவுக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் ஒன்று உண்டு; அதில் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர்களுள் நம் திருச்சபையும் ஒருத்தி.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து திருவிதாங்கூர் அரசின் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, 1745-ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வூரில்தான் இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டோர் என்றும் தீண்டத்தகாதோர் என்றும் ஒதுக்கப்பட்ட மக்களோடு வேற்றுமை பாராட்டாமல் அவர் கலந்து பழகியதும் மேல்சாதியாரின் சினத்துக்கு ஒரு காரணமாயிற்று; துன்பங்கள் பல அனுபவித்தபின், 1752 ஜனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மறு பிறப்படைந்த அதே ஊரில், நூற்றிருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1872-இல் கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயமோ, ஒரே பீடத்தை நோக்கி இருபுறமிருந்தும் சாய்ந்துவரும் இரு மண்டபங்களாக அமைக்கப்பட்டது. வேளாளரும் அவரைச் சார்ந்தோரும் ஒரு மண்டபத்தில் இருப்பர். நாடார் முதலியோர் மற்றதில் இருப்பர். இரு சாராரும் பூசை நிறைவேற்றும் குருவைக் காண்பர், ஒருவரையொருவர் காணார். கால்சட்டைக் கோயில் என்று மக்கள் அதற்கு வைத்த பெயர் இன்றளவும் வழங்குகிறது.

இதனை அறியாமையின் விளைவென்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஏதோ ஒரு திருநாளில் கூட்டம் தானாகப் பிரிந்து உட்கார்ந்த காரியமன்று அது. வரைபடம் தீட்டி, பணம் திரட்டி, கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து, ஐரோப்பாவில் இறையியல் கற்ற குருக்களின் மேற்பார்வையில் எழுப்பப்பட்ட கட்டடம். 1910-ஆம் ஆண்டில் கௌசானல் அடிகளார் பிரிவினைச் சுவரை இடித்து அகற்றியபோது, உரிமை பறிபோயிற்றென்று வேளாளர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். ஆயர் பார்த்தைப் பிரதிவாதியாக வைத்து நடந்த அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, கிறிஸ்தவ ஆலயத்தில் சாதியை முன்னிட்டுத் தனியிடம் கோர எவருக்கும் உரிமை இல்லை என்று முடிந்தது. சுவிசேஷத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் தம் மக்களுக்குச் சொல்லிப் புரியவைக்காத ஓர் உண்மையை நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு வேகிறது.

இக்குற்றம் ஓர் ஊரோடு நிற்கவில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தே நொபிலி, மேல்சாதியாரை வேதத்துக்கு அழைக்கும் நோக்கத்தோடு அவர்களுடைய ஆசாரங்களை ஏற்றுக்கொண்டபோது, அவருடைய எண்ணம் தூயதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவ்வேற்பாடு முதிர்ந்து, மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குரு, ஏனையோருக்குப் பண்டாரசாமிகள் என்ற வேறொரு வகைக் குரு என்றாகி, 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணையிலேயே பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாடு இடம்பெற்றது. சீர்திருத்த சபையார் நாங்கள் அப்படியல்லோம் என்று சொல்வதற்கும் இடமில்லை. தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் லுத்தரன் ஆலயங்களில் சாதிவாரியாகப் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் அவர்களுடைய முன்னோர்களே. 1833-இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே அறவே விட்டொழிக்க வேண்டுமென்று ஆணையிட்டபோது, தஞ்சையில் திரளானோர் அந்தச் சபையை விட்டு வெளியேறினர். கீர்த்தனைகளால் தமிழ்க் கிறிஸ்தவத்தைச் செழிப்பித்த வேதநாயக சாஸ்திரியாரே அவ்வாணையை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர்.

இவற்றையெல்லாம் அறிந்த விசுவாசி செய்ய வேண்டுவது யாது?

பலரும் முதலில் சொல்லும் மறுமொழி, அக்காலத்து வழக்கம் அது, இக்காலத்து அளவுகோலால் அளக்கலாகாது என்பது. இதில் நியாயம் இருப்பதாகத் தோன்றுமேயன்றி உண்மையில் இல்லை. தேவசகாயமும் அக்காலத்தவரே, வில்சனும் அக்காலத்தவரே. அவர்களினும் முக்கியமாக, ஆலயத்தில் ஒதுக்கி நிறுத்தப்பட்டவர்களும் அக்காலத்தவரே. அது தவறென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அக்காலம் என்று நாம் சொல்லும்போது ஒதுக்கியவர்களை மட்டும் எண்ணி, ஒதுக்கப்பட்டவர்களை அக்காலத்துக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறோம். அது முதற் குற்றத்தை மறுபடியும் செய்வதாகும். இனி, இத்தகைய சபை எனக்கு வேண்டாமென்று விலகிப்போவோரும் உளர். அடிபட்டவர்கள் அவ்வாறு செய்தால் அவர்களைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. ஆனால் அடித்த பக்கத்தின் வாரிசுகள் விலகிப்போவது எளிய தப்பித்தல் என்பதே என் துணிபு.

மகன் தந்தையின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரம் உரைக்கிறதே என்பார்கள். உண்மை, பிறர் செய்த பாவத்துக்காக எவரும் நரகம் புகார். ஆயினும் அதே வேதாகமத்தில், தாம் பிறப்பதற்கு முன்னரே நிகழ்ந்த பாவங்களுக்காகத் தானியேல் சாக்குடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து மன்றாடுகிறார். நெகேமியாவின் காலத்து மக்கள் பிதாக்களின் அக்கிரமங்களைத் தம்முடையனவாகவே அறிக்கையிடுகிறார்கள். தகப்பன் விட்டுப்போன நிலத்தை அனுபவிக்கிறவன், அந்நிலத்தின்மேல் உள்ள கடன் பத்திரத்தை மட்டும் எனக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளுவது எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் செல்லாது. பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், வீரமாமுனிவரின் சதுரகராதி, தேவசகாயத்தின் இரத்தம் ஆகிய யாவற்றையும் நம்முடையவை என்று பெருமையோடு உரிமை பாராட்டும் நாம், வடக்கன்குளத்துச் சுவரை மட்டும் யாரோ கட்டியதாகப் பேசலாகாது.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டுமென்று சின்னக் குறிப்பிடம் சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது: பாவங்களை நினைத்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லையென்று பிரதிக்கினை செய்தல், வாய்விட்டுச் சொல்லுதல், விதிக்கப்பட்ட அபராதத்தைத் தீர்த்தல். எட்டு வயதுக் குழந்தையிடம் கேட்கும் இவ்வைந்தையும் திருச்சபை தன்னிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் புனித பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் வரலாற்றில் செய்த பாவங்களுக்காக வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் சாதி வேற்றுமை நிலவுவதை ஒப்புக்கொண்டு, தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. 2022 மே 15-இல் தேவசகாயம் புனிதர் பட்டம் பெற்றபோது, பிள்ளை என்னும் சாதிப்பெயர் நீக்கப்பட்டே அவர் பெயர் வழங்கப்பட்டது. இவை நினைத்தலும் சொல்லுதலும் ஆகும், போற்றுகிறேன். பிரதிக்கினையும் அபராதமும் எங்கே? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் பிரித்த சுவர் இந்நூற்றாண்டிலும் நின்றது. எறையூரில் 2008 மார்ச்சில் கத்தோலிக்கரும் கத்தோலிக்கரும் சாதியால் மோதிக்கொள்ள, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். சக்கேயு தன் வீட்டில் ஆண்டவருக்கு விருந்து வைத்ததோடு நிற்கவில்லை. வஞ்சித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்த பிறகே அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது. அடிமை வியாபாரத்தில் தன் பழைய நிதிக்கு இருந்த தொடர்பை ஆராய்ந்து, 2023-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் நிதி ஆணையர்கள் பத்துக் கோடி பவுனை ஈடாக ஒதுக்க முன்வந்ததும் அவ்வழியிலேயே. தமிழ்த் திருச்சபையில் அபராதம் என்பது பள்ளி இடங்களிலும் வேலைகளிலும் குருத்துவத்திலும் ஆயர் பீடங்களிலும் தலித் மக்களுக்குரிய பங்கைக் கொடுத்துத் தீர்ப்பதாகும். அதில் சிலர் கோபித்து வெளியேறினால், 1833-இல் போலவே, அந்நஷ்டத்தைச் சபை ஏற்கத்தான் வேண்டும்.

நாமோ கடலுக்கு இப்பால் இருக்கிறோம். நமக்கென்ன என்று எண்ணலாகாது. பாகான் செராயில் ஃபே அடிகளார் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றிய கதையையும், ஈப்போ சிலிபினில் லூர்து மாதா ஆலயம் வளர்ந்த கதையையும் திருவிழா மலர்களில் அழகுற எழுதுகிறோம். யார் எங்கே உட்கார்ந்தார்கள், உபதேசியாராக யார் வரலாம் யார் வரக்கூடாது என்றிருந்தது, சப்பரம் எந்த லயத்துக்குள் சென்றது எந்த லயத்தை விட்டுத் திரும்பியது என்பவற்றையும் அம்மலர்களில் எழுத வேண்டும். தோட்ட லயங்களில் பிறந்து பால்மரம் சீவிய மூத்தோர் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்துத் தமிழ் விசுவாசிகளே, இளைஞர்களே, வரும் தவக்காலத்துக்குள் அவர்களிடம் சென்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை மழுப்பாமல் எழுதி, உங்கள் பங்குப் பேரவையின் முன் வையுங்கள்.