பைபிள் வீட்டிலேயே இருக்க, இறையியல் படிப்பு எதற்கு?

ஒரகடம் கூட்டுரோட்டில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிவிடும். இரவு ஷிஃப்ட் முடித்து இறங்குபவர்களும் காலை ஷிஃப்டுக்கு ஏறுபவர்களும் ஒரே டீக்கடையில் முட்டிக்கொள்வார்கள். அந்தக் கடையில்தான் அந்தத் தம்பியைச் சந்தித்தோம். வயது 26. பி.காம். படித்தவர். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஐந்து வருடமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் விழாவிட்டால், தங்கள் காலனியின் சின்ன சர்ச்சில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறார். இவருடைய தாத்தா அதே சபையில் உபதேசியாராக இருந்தவர்.

"அண்ணா, வேலையை விட்டுட்டு இறையியல் படிக்கலாம்னு இருக்கேன். எங்க அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசணும்" என்றார்.

நாம் சர்ச்சுக்குப் போகிற ஆள் இல்லை. ஆனாலும் போனோம். நம் சேரிகளில் ஒரு வீட்டில் சிலுவை இருக்கும், அடுத்த வீட்டில் அம்மன் படம் இருக்கும், இரண்டிலும் அம்பேத்கர் இருப்பார். இந்த வீட்டுப் பிரச்சினை நமக்கு வேறு வீட்டுப் பிரச்சினை அல்ல.

அம்மாவுக்குக் கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவர் சத்தம் போடவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "பைபிளு நம்ம வூட்லயே இருக்குது தம்பி. அதப் படிக்க நாலு வருஷம் சம்பளத்த வுட்டுட்டுப் போவணுமா?"

கான்ட்ராக்ட் சம்பளத்தில் நகரும் குடும்பம் கேட்கும் நியாயமான கேள்வி. இந்த வாரம் அதற்கே பதில் தேடுவோம்.

நூல் ஒன்று, உரை வேறு

திருக்குறளும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் குறளுக்கு உரை சொன்னவர் யார் என்று பாருங்கள். பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பார்கள். அவர்களில் கொடிகட்டிப் பறப்பவர் பரிமேலழகர். அறம் எது என்று சொல்ல வந்த இடத்திலேயே அவர் மனுநூலைக் கொண்டுவந்து வைத்தார். தமிழ் முதுகலை வகுப்பில் நாம் அந்த உரையைத்தான் படித்தோம். 1907-இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அதே குறளுக்குப் பௌத்த வழியில் உரை எழுதினார். அதை எந்த ஆசிரியரும் நமக்குச் சொல்லவில்லை. பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகு நாமே தேடிப் படித்தோம்.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இது புதுக் கதையும் அல்ல. இந்த ஊரில் பிறந்த ராமானுஜர், யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் படிக்கப் போனார். குரு சொன்ன பொருளை ஏற்காமல் அவர் வேறு பொருள் சொன்னார் என்றும், அதனால் இருவரும் பிரிந்தார்கள் என்றும் வைணவ மரபு சொல்கிறது. நூல் மாறவில்லை, பொருள் சொன்னவர் மாறினார்.

பைபிளும் அப்படித்தான். அது நம் வீட்டில் இருக்கிறது. அதற்கு உரை சொல்லும் இடத்தில் யார் நிற்கிறார்கள்? கீழ்ப்படிதலை மட்டும் எடுத்துச் சொல்கிறவரா, அடிமைகளின் விடுதலையை எடுத்துச் சொல்கிறவரா? அந்த இடத்துக்கு நம் பிள்ளை போய் நிற்க வேண்டுமென்றால் படித்துத்தான் ஆக வேண்டும்.

என்ன படிக்கிறார்கள்?

பட்டதாரிகளுக்கு பி.டி. என்னும் இறையியல் பட்டம் நான்கு ஆண்டு. அதற்கு மேல் எம்.டிஎச். இரண்டு ஆண்டு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, எபிரேயம், கிரேக்கம், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், சமூக ஆய்வு, அருட்பணி என்று பாடங்கள் விரியும். பெரும்பாலான புராட்டஸ்டண்ட் கல்லூரிகளுக்குப் பட்டம் தருவது செராம்பூர் செனட். வில்லியம் கேரியும் நண்பர்களும் 1818-இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827-இல் டென்மார்க் மன்னர் தந்த பட்டயமே இதற்கு அடிப்படை. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி இருக்கிறது. மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம். கத்தோலிக்கர்களுக்கு இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பூந்தமல்லியில், குருமடம் இருக்கிறது.

இந்தப் பாடத்திட்டத்துக்குள் நாம் நுழைந்த கதை 1981-இல் தொடங்குகிறது. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை, இந்தியக் கிறிஸ்தவ இறையியல் அதுவரை பிராமணத் தத்துவத்தோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்ததைப் போட்டு உடைத்தது. சபையில் பெரும்பான்மையோர் சேரிக்காரர்களாக இருக்க, இறையியல் மட்டும் அக்கிரகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. பின்னர் குருகுல் கல்லூரியில் தலித் இறையியலுக்கெனத் தனித்துறையே அவர் தலைமையில் வந்தது.

நிர்மல் எடுத்துக்கொண்ட பகுதி உபாகமம் 26-ஆம் அதிகாரம். அறுவடைக் கூடையோடு வரும் இஸ்ரவேலன் முதலில் தன் வரலாற்றைச் சொல்ல வேண்டும்: மூதாதை நாடோடி, எகிப்தில் அடிமைப்பட்டோம், கதறினோம், மீட்கப்பட்டோம். நம் கூடையை எடுத்துக்கொண்டு போகும்போது நாமும் நம் வரலாற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் நிர்மல். அந்த வரலாற்றை மறைத்துவிட்டு வரும் பக்தி அவருக்குப் போதவில்லை.

அந்த வரலாற்றில் பெரும்பங்கு இந்தச் செங்கல்பட்டுச் சீமையுடையது. 1891-இல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதியது இங்கேதான். பஞ்சமி நிலம் அதிலிருந்துதான் வந்தது. ஆடம் ஆண்ட்ரு என்ற ஸ்காட்லாந்து மிஷனரி நம் மக்களைக் குடியமர்த்திய மெல்ரோசாபுரம், ஒரகடத்திலிருந்து நேர்சாலை போகும் சிங்கபெருமாள்கோவில் பக்கம் இன்றும் இருக்கிறது. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படியுங்கள். நிலம் கேட்கும்போது நம்மில் யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று தோட்டா பார்க்கவில்லை.

மதுரைக் கல்லூரியில் பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு, 2005-இல் மறையும்வரை, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்களை உண்டாக்கிக்கொண்டே இருந்தார். கர்நாடக ராகத்தில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கடவுள், பறைக்கும் தலையாட்டத் தொடங்கினார். கடவுளை அவர் கூப்பிட்ட சொல் 'பெத்தவரே'. அவர் இறையியலின் நடுவில் இருந்தது 'ஒரே உலை': எல்லாரும் ஒரே பானையில் பொங்கி ஒன்றாக உண்பது. சாதிக்கு எதிராக இதைவிடச் சுருக்கமாக ஓர் இறையியல் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

கொரியாவிலிருந்து வந்த இன்னொன்று

கொரியாவிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் வந்தது, சுங்குவார்சத்திரத்துக்கு டி.வி.யும் பிரிட்ஜும் வந்தன. அதே கொரியாவில் தொழிற்சாலை வாசலில் பிறந்த இறையியலும் ஒன்று உண்டு. 1970 நவம்பர் 13 அன்று சியோலில் தையற்கூடத் தொழிலாளி ஜியோன் டே-இல், தொழிலாளர் சட்டப் புத்தகத்தோடு தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். வயது 22. சர்ச்சுக்குப் போகிற பையன். காற்றில்லாத மாடிகளில் தைத்துக்கொண்டிருந்த இளம்பெண்களுக்காகச் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துப் போனவர்.

அந்தச் சாவு கொரிய இறையியலாளர்களைக் குலுக்கியது. அந்தக் காலத்துத் தொழிலாளர் போராட்டங்களிலிருந்து 'மின்ஜுங்' இறையியல் வளர்ந்தது. மின்ஜுங் என்றால் சாமானிய மக்கள்திரள். மாற்கு நற்செய்தியில் இயேசுவைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கிறதே, யார் அவர்கள் என்று கேட்டார் ஆன் பியுங்-மு. கோயிலிலும் ஊரிலும் இடமில்லாதவர்களே அந்தக் கூட்டம் என்பது அவர் கண்ட விடை. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இறையியலையும் லத்தீன் அமெரிக்க விடுதலை இறையியலையும் போல, இந்த மின்ஜுங் இறையியலும் தலித் இறையியலோடு சேர்த்துப் பேசப்படுகிறது.

இனி நம் சாலைக்கு வருவோம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற பெண் தொழிலாளர்களின் தோழிகள் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேல் சுங்குவார்சத்திரத்தில் சங்க உரிமைக்காகத் தொழிலாளர்கள் பந்தலில் இருந்தார்கள். சிப்காட்டுக்கு நிலம் போனபோது பட்டா வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. அதே நிலத்தில் தலைமுறையாக நாற்று நட்டவர்களுக்கு வேலை போனதுதான் மிச்சம். 'ஒரே உலை' என்ற சொல்லுக்கு அந்த விடுதிச் சமையலறையைவிடப் பொருத்தமான பாடம் எங்கே இருக்கிறது? அந்த இரவில் நெடுஞ்சாலையில் இருந்தது மாற்கு சொன்ன கூட்டம் இல்லையா?

அதைச் சொல்ல இங்கே படித்த ஆள் வேண்டும். பெண்களும் வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் ஒரு பெண், புஷ்பலலிதா, நந்தியால் பேராயராகவே ஆகிவிட்டார். விடுதிப் பெண்கள் மனம்விட்டுப் பேச ஒரு பெண் ஆயர் இந்தச் சாலைக்கு வரக் கூடாதா?

சான்றிதழ் என்னும் விலை

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த கேள்வியைத் தம்பியே கேட்டார். "அண்ணா, தங்கச்சி நர்சிங் சேரணும். நான் பாஸ்டர் ஆனா அவ எஸ்.சி. சர்டிபிகேட்டுக்கு ஏதாச்சும் வருமா?"

1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான நம் மக்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும், தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. 2022-இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடரைச் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்குப் போய்வரும் புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

ஆயர் வேலை மறைவாகச் செய்யக்கூடிய வேலை அல்ல. வெள்ளை அங்கி போட்டு ஊர் நடுவே நிற்க வேண்டும். வழக்கறிஞர் தோழர் ஒருவரைக் கேட்டோம். "சட்டம் ஆளாளுக்குத் தனித்தனியாகத்தான் பார்க்கும். அண்ணன் மதம் தங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் விசாரணைக்கு வருகிறவர் வீட்டைத்தான் பார்ப்பார்" என்றார். அதை அப்படியே தம்பியிடம் சொன்னோம். ஆறுதலாக வேறு எதையும் கூட்டிச் சொல்ல மனம் வரவில்லை.

கல்லறையில் தனி இடம், கோயிலில் தனிப் பந்தி என்று சபைக்குள் சாதி நம்மை இந்துவாகவே நடத்தும். சான்றிதழ் கேட்டால் அரசு கிறிஸ்தவன் என்று அனுப்பிவிடும். இரண்டு பக்கமும் அடி வாங்கும் இந்த மத்தளத்தைப் பற்றிப் பேசவும் இறையியல் வேண்டும்.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்

தலித் இறையியல் புத்தகமாக வளர்ந்த அளவுக்குச் சபையின் நடைமுறையில் ஏன் இறங்கவில்லை என்று பெனியேல் ராஜ்குமார் 2010-இல் ஒரு நூலே எழுதினார். நம் ஊர்ச் சர்ச்சுகளில் உட்கார்ந்து கேட்டாலும் அதே சந்தேகம் வரும். கான்ட்ராக்ட் என்ற சொல்லே பிரசங்கத்தில் வராது. ஆகவே சில கோரிக்கைகள்.

இறையியல் படிக்க வரும் சேரிப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதாது. அவர் சம்பளத்தை நம்பியிருந்த வீட்டுக்கும் மாதம் ஒரு தொகை வேண்டும். பேராயங்களும் மறைமாவட்டங்களும் இதைச் செய்ய முடியும். களப்பணிக்கு மாணவர்களை இந்தச் சாலைக்கு அனுப்புங்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் ஷிஃப்ட் முறையில் தூங்கும் வாடகை வீட்டில் அவர்களும் தங்கட்டும். படித்து முடித்தவர்களை நகரத்துப் பெரிய சபைகளுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். மதம் எதுவானாலும் பட்டியல் சாதி உரிமை உண்டு என்ற கோரிக்கையைக் கிறிஸ்தவர்களின் கோரிக்கையாக மட்டும் தலித் இயக்கங்கள் ஒதுக்கக் கூடாது.

கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தார். "எங்க மாமனாரு எழுத்துக்கூட்டித்தான் பைபிளு படிப்பாரு. சைக்கிள்ல மூணு ஊருக்குப் போயி சொல்லிட்டு வருவாரு. இவன் படிக்கட்டும் தம்பி, நான் இன்னும் நாலு வருஷம் கூட்டிப் பெருக்குறேன். ஆனா படிச்சிட்டு வந்தா இவன இங்கியே போடுவாங்களா, மெட்ராசுல வச்சிப்பாங்களா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். பதில் சொல்ல வேண்டியவர்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள்தான்.