ஆர்சி புத்தகத்துக்குள் அடங்காத பிக்கப்

கடையம் என்றால், பாரதி வந்து இரண்டு வருஷம் தங்கிய செல்லம்மாளின் ஊர் என்று தொடங்குவதுதான் வழக்கம். இன்றைக்கு அதை விட்டுவிடுவோம். விடியற்காலையில் இந்த ஊர் வழியாகப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற சரக்கு வண்டிகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடுகிற வண்டி குறைவு. பக்கப் பலகைக்கு மேல் இரும்புக் குழாயில் ஒரு கூடு, பின்கதவில் கூடுதலாக இரண்டு கொண்டி, ஸ்பிரிங் கட்டில் இன்னொரு பட்டை, கேபின் நெற்றியில் குலசாமி பெயர். வண்டி எடுத்த கையோடு பட்டறையில் கொண்டு விடுவது இங்கே பூசை போடுவதற்கு அடுத்த சடங்கு.

பிழைப்புக்காகச் செய்கிற இந்த வேலையை ஆசைக்காகச் செய்தால்? பழைய ஜீப் பிக்கப் ஒன்றைக் கண்டம் விலைக்கு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் தொழுவத்தில் நிறுத்தி, தன் மனசுக்குப் பிடித்த மாதிரி கட்டி எடுத்தால்? கை இருக்கிறவனுக்கு அது முடியாத காரியம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிக்கப் என்கிற வண்டியே வீட்டுப் பட்டறையில் பிறந்ததுதான். ஃபோர்டு மாடல் டி காரை வாங்கிய அமெரிக்க விவசாயிகள் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு மரப்பெட்டி வைத்து மூட்டை ஏற்றினார்கள். பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி 1925ல் தானே பெட்டி வைத்து விற்றது. விலை 281 டாலர். பின்னாளில் அதே நாட்டில் 1947க்குப் பிந்தைய செவர்லே பிக்கப்பும் 1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100ம் கார் பித்தர்கள் கையில் சிக்கின. கூரையை வெட்டி இறக்கினார்கள், பெரிய இன்ஜினைத் திணித்தார்கள், கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடித்தார்கள். இன்றைக்கும் அங்கே அது ஓயவில்லை.

நம் பக்கத்துக்குக் கிடைத்த வாகனம் ஜீப். மகிந்திரா கம்பெனி 1947ல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. கேபினுக்கு முன்னால் மூக்கே இல்லாத எஃப்சி-150 பிக்கப்பும் பின்னால் வந்தது. பெட்ரோல் விலை ஏற ஏற, ஜீப்பில் டிராக்டர் வழிவந்த டீசல் இன்ஜின் ஏறியது; அம்பாசடரில் மெட்டடோர் வேன் இன்ஜினை இறக்கினார்கள். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, திருக்குறுங்குடிக்காரரான டி.வி. சுந்தரம் அய்யங்கார் கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்ட ‘டிவிஎஸ் கேஸ் பிளான்ட்’ செய்து கொடுத்தார். கோவையில் ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே மெக்கானிக் ஆனவர். இரண்டு பேரும் அதையெல்லாம் இப்போது செய்திருந்தால் ஆர்டிஓ ஆபீஸ் வராந்தாவில் பாதி நாள் போயிருக்கும்.

சரி, தொழுவத்துக்கு வருவோம். பாடியைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டு நீளச் சட்டமும் நாலைந்து குறுக்குச் சட்டமும்தான். முதலில் ஒரு சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் ‘பொத்’தென்று விழும். குறுக்குச் சட்டம் சேரும் மூலையிலும் பின் ஸ்பிரிங் தொங்கும் கொக்கிக்கு மேலும்தான் சேறு தங்கி உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். அடுத்தது கோணல் பார்ப்பது. அதற்குக் கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக்குண்டு போதும். சேசிஸைச் சமமாக முட்டுக் கொடுத்து நிறுத்தி, முன் ஸ்பிரிங் போல்ட் ஓட்டைகள் இரண்டிலிருந்தும் பின் ஓட்டைகள் இரண்டிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு எதிர்மூலைக்கு எதிர்மூலை நூல் பிடித்தால், இரண்டு நூலும் ஒரே நீளம் வர வேண்டும். வரவில்லையென்றால் வண்டி எப்போதோ எதிலோ மோதியிருக்கிறது. விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

கூரை இறக்குகிற வேலையில் மட்டும் ஜீப்காரனுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அமெரிக்க பிக்கப்களில் முன் கண்ணாடி சாய்ந்திருக்கும். தூணில் மூன்று அங்குலம் வெட்டி எடுத்தால் மேல்பாதி கீழ்பாதியோடு சேராது. கூரையையும் அறுத்து நீட்ட வேண்டிவரும். கண்ணாடியும் வளைந்தது என்றால் இன்னும் தலைவலி. பழைய ஜீப்பின் முன் கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கிறது, கண்ணாடியும் தட்டையானது. லேமினேட்டட் கண்ணாடியை அளவுக்கு வெட்டித்தர ஆள் இருந்தால் போதும்.

தகடு சேர்ப்பதில்தான் பொறுமை வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனத் தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டு வைத்தால் சூட்டில் அப்பளமாக நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி நடுவில் ஒன்று என்று வைத்துக்கொண்டே வர வேண்டும். பிறகு பின்னால் டாலிக் கட்டையைக் கொடுத்து முன்னால் சுத்தியலால் தட்டி மட்டம் எடுப்பது டிங்கரின் கைவாசி. கைவாசி இல்லாதவர் பட்டியை அள்ளி அப்புவார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்த அன்றைக்கு எல்லாம் ஜொலிக்கும்; இரண்டு சாரல் பார்த்ததும் கொப்புளம் கிளம்பும். பெயிண்டையும் சாரல் காலத்தில், ஆனி ஆடியில், அடிக்கக் கூடாது. ஈரக்காற்றில் லாக்கர் பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். மாசி, பங்குனி உத்தமம்.

ஆனால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே லைன். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நாலும் போச்சு. கனமான இன்ஜினை இறக்கிவிட்டு பிரேக்கை மட்டும் அப்படியே விட்டிருப்பதைப் பார்த்தால், அந்த வண்டியைக் கட்டியவர் மேல் எனக்கு மரியாதை வருவதில்லை, பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும்.

இனி அந்தச் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே கம்பெனி, அதே ரக இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம். கேஸ், பேட்டரி போன்ற எரிபொருள் மாற்றத்துக்கு விதிப்படி கிட் போடலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைக்க வழி உண்டு. நிறத்தை மாற்றிப் பதிவு செய்துகொள்ளலாம். மற்றபடி மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பழைய வண்டிக்கென்று 2021ல் தனி விதி வந்ததே என்று கேட்கலாம். வந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்தோடு தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் வண்டி பழைய உருவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய கைவைப்பு இருக்கக் கூடாது. அன்றாடம் ஓட்டவும் முடியாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான். ஆக, பழமையைப் பழமையாக வைத்திருப்பவருக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. அதை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டுகிறவருக்கு எந்தக் கதவும் இல்லை.

சட்டத்தை முழுக்கக் குறை சொல்ல நான் தயாரில்லை. மூட்டை அதிகம் ஏற்றுவதற்காகச் சேசிஸை வெட்டி நீட்டிய வண்டி எதிரே வரும் ரோட்டில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். ஆனால் வண்டியைக் கெடுத்தவனையும் திருத்தியவனையும் ஒரே தராசில் நிறுப்பது சோம்பேறித்தனம். பிரிட்டனில் 2025 வரை இதற்குப் புள்ளிக் கணக்கே வைத்திருந்தார்கள்: சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ் வகையறா, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு 1. சேசிஸ் அசலாகவோ, அதே அளவில் கம்பெனி செய்த புதியதாகவோ இருந்து, மொத்தம் 8 புள்ளி தேறினால் பழைய நம்பரோடு ஓட்ட முடிந்தது. தேறாத வண்டியைத் தனியாகப் பரிசோதித்து, பாஸானால் ‘க்யூ’ எழுத்தில் நம்பர் தந்தார்கள். இன்ஜினுக்கு ஒரே ஒரு புள்ளி என்பதைக் கவனியுங்கள். எதை மாற்றினால் ஆபத்து, எதை மாற்றினால் ஆசை என்று யோசித்துப் போட்ட கணக்கு அது.

கீழடி இளைஞர் ஒருவர் தன் கையால் கட்டிய மின்சார ஜீப்பை 2022ல் ஆனந்த் மகிந்திரா பாராட்டினார். அதே வருஷம் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் பழைய இரும்பிலிருந்து குட்டி ஜீப் செய்த பட்டறைக்காரருக்கு, அதை வாங்கிக்கொண்டு புது பொலேரோவே கொடுத்தார். நல்ல விஷயம்தான். ஆனால் பரிசாகக் கிடைத்த வண்டி ரோட்டில் ஓடுகிறது. அவர் செய்த வண்டிக்கு ரோட்டில் இடமில்லை.

வண்டிகளைச் சோதிக்க ஒரகடத்தில் பெரிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் புது மாடலைக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்குகிறார்கள். ஒரே ஒரு வண்டியைக் கட்டியவர், கட்டணம் கட்டி, பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் விளக்கையும் காட்டி, ஒரு நம்பர் வாங்கிக்கொண்டு கடையத்துக்கு ஓட்டிவர ஒரு விதி எழுதுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. அது வருகிற வரைக்கும், தொழுவத்தில் வேலை தொடங்க நினைப்பவர் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் தொடாமல், பெட்டி, இருக்கை, நிறம் என்ற அளவில் நின்று, ஆர்டிஓவிடம் கேட்டுவிட்டே கட்டிங் மெஷினை எடுக்கட்டும். துருவில் அந்த நம்பர் மறைந்திருந்தால், பென்சில் வைத்துத் தேய்த்து எழுத்து விழுகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடட்டும்.